இரட்டைத் தையல்

நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லி வந்த மின்னஞ்சலை என் மகள்தான் முதலில் படித்தாள். அவள் அப்பாவின் கைபேசி பெரும்பாலும் அவள் கையில்தான் இருக்கும். "அப்பா, கூப்பிட்டுட்டாங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் ஓடி வந்தேன். வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. பெரிய கம்பெனி. ஸ்டோர் அதிகாரி வேலை. கடைசி வரியில் கோட்டும் டையும் கட்டாயம் என்று போட்டிருந்தது.

"ஸ்டோருக்குள்ள கோட்டு போட்டுக்கிட்டு எவன் மூட்டை எண்ணுவான்?" என்றார் என் கணவர்.

"நீங்க எண்ண வேண்டாம். போட்டுக்கிட்டு உக்காந்தா போதும். எண்றதுக்கு ஆள் குடுப்பாங்க."

"அம்மா இப்பவே சம்பளம் வாங்கிட்டாங்க" என்றாள் மகள்.

சிரித்தோம். எங்கள் வீட்டில் சிரிப்புக் கேட்டுப் பல நாளாகியிருந்தது. இவர் டயர் கம்பெனியில் பத்தொன்பது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். கம்பெனி மூடிப் பதினான்கு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் அவருக்கு நாற்பத்தைந்து முடிகிறது. நாற்பத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்றுதான் எல்லா விளம்பரமும் சொல்கிறது. இந்த அழைப்பை விட்டால் இன்னொன்று வராது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படி வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். என் அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை இருக்கிறது. "நீயும் பாப்பாவும் வந்து இருங்க" என்று அண்ணன் கூப்பிட்டிருந்தார். அண்ணி வேண்டாம் என்று சொல்லவில்லை. "அவரு எங்க தங்குவாரு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே பதில் இருந்தது. பழைய கம்பெனி டிரைவர் ஒருவர் வேறு ஊரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். தன் அறையில் ஒரு கட்டில் காலியாக இருப்பதாகவும், மூட்டை இறக்கும் வேலைக்கு ஆள் தேடுவதாகவும் சொல்லியிருந்தார். இவர் அங்கே போனால் மாதம் ஒரு முறை வரலாம். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில், என் பிரசவத்தைத் தவிர, நாங்கள் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் பிரிந்து இருந்ததில்லை. இந்த வேலை கிடைத்தால் நாங்கள் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருப்போம். கிடைக்காவிட்டால் இல்லை.

என் வேலையில் எனக்கு வந்த போனஸை வீடு மாற்றும் வண்டிக்காக எடுத்து வைத்திருந்தேன். அதைத்தான் கைப்பையில் போட்டுக்கொண்டு துணிக்கடைக்குக் கிளம்பினோம்.

கடையில் கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டிருந்த விற்பனைப் பையன் இவரைச் சுற்றிச் சுற்றி அளந்தான். "சார், மேல பயில்வான் மாதிரி இருக்கீங்க, இடுப்பு மட்டும் காலேஜ் பையன் இடுப்பு! செட்டு அமையறது கஷ்டம் சார்."

"தோளு டயர் தூக்கி வந்தது தம்பி. இடுப்பு இவங்க சமையல்ல வந்தது" என்று என்னைக் காட்டினார்.

"அக்கா முன்னாடியே சொல்றீங்களே!"

"பின்னாடி சொன்னா இன்னும் மோசம்."

முதலில் காட்டிய கோட்டின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தவர், சூடான பாத்திரத்தைத் தொட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார். இரண்டாவது அதைவிட மோசம். "இது சாருக்காகவே தைச்ச மாதிரி இருக்கு" என்று பையன் மூன்றாவதை எடுத்தான். "எனக்காகத் தைச்சிருந்தா விலையும் எனக்குத் தகுந்த மாதிரி இருக்கும்ல" என்றார் இவர். பையன் சிரித்துவிட்டு, எங்களைக் கடையின் கடைசிக்குக் கூட்டிப்போனான். அங்கே 'பாதி விலை' என்று சிவப்பு அட்டை தொங்கியது. ஒரே ஒரு கம்பி. அதில் பதினைந்து கோட்டு இருக்கும். பச்சை, காப்பிக்கொட்டை நிறம், பளபளக்கும் ஊதா. கல்யாண வீட்டு வாத்தியக்காரர்கள் போட்டுக் கழித்தவை போல இருந்தன. அவற்றுக்கு நடுவே அடர் நீலத்தில் ஒன்று.

போட்டுப் பார்த்தார். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். கம்பெனி மூடிய பிறகு இப்போதுதான் தன்னைக் கண்ணாடியில் நேராகப் பார்க்கிறாரே என்று இருந்தது. வேட்டியும் சட்டையுமாகப் பார்த்துப் பழகிய மனிதர். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"என்ன, அப்படிப் பாக்கற?"

"யாரோ பெரிய மனுஷர் நிக்கறாரேன்னு பாக்கறேன்."

அதன் பிறகு நான் என் வேலையை ஆரம்பித்தேன். பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் பதினோரு வருடமாக செக்கிங் மேசையில் இருக்கிறேன். தைத்து வரும் ஒவ்வொரு உருப்படியையும் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடம், நூல் பிசிறு, கோணல் எல்லாவற்றையும் பிடிப்பதுதான் வேலை. என் கண்ணுக்குத் தப்பி எதுவும் பெட்டிக்குள் போனதில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். என் மேசைக்கு வருவது சட்டை, பாவாடை, கால்சட்டை. கோட்டு வந்ததில்லை.

கோட்டைக் கழற்றச் சொல்லித் திருப்பினேன். பின்பக்கம், இடுப்புக்குக் கீழே, நடுத்தையல் பாதியில் நின்றிருந்தது. கீழே துணி இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அதன் அடியில் வெள்ளை நூலால், விரல் நீளத்துக்கு ஒரு பெருக்கல் குறி. நீலத் துணிக்கு வெள்ளை நூல்! யாரோ தையலை மறந்துவிட்டு, அவசரத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பைகளைத் தொட்டுப் பார்த்தேன். மூடி இருந்தன, உள்ளே கை போகவில்லை. சரி, பெயருக்கு வைத்த பை.

பாதி விலைக்கு வந்த காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. இவர் காதருகே போய்ச் சொன்னேன். "பின்னாடி தையல் விட்டிருக்கு. அதான் இங்க தொங்குது. வாயைத் திறக்காதீங்க. சொன்னோம்னா உள்ள எடுத்துட்டுப் போயிருவாங்க. நான் வீட்டுல சரி பண்ணிக்கறேன்."

"கெட்டிக்காரிதான் போ" என்றார்.

பில் போடும் இடத்தில் பையன் கேட்டான். "ஃபினிஷிங் பண்ணிக் குடுத்துடவாக்கா? அதுக்குத் தனி சார்ஜ். நாளைக்கு வாங்கிக்கலாம்."

"எதுக்கு? வீட்டுல மிஷின் இருக்கு, நானே பண்ணிக்குவேன்."

"அக்கா டைலரா? அப்பச் சரி" என்று மடித்துக் கொடுத்துவிட்டான்.

வண்டிப் பணத்தில் பாதிக்குமேல் போய்விட்டது. ஆனாலும் பேருந்தில் வரும்போது அந்தப் பையை நான் மடியைவிட்டு இறக்கவில்லை. கடைக்காரனை ஏமாற்றிவிட்ட திருட்டுச் சந்தோஷம் வேறு.

மறுநாள் சாயங்காலம் கோட்டோடு வந்த கால்சட்டையின் இடுப்பைப் பிடித்துச் சின்னதாக்கினேன். பிறகு கோட்டை எடுத்துக்கொண்டேன். வெள்ளை நூலை வெட்டி எறிந்தேன். அதே நிறத்து நூலை எங்கள் கம்பெனியில் தையல் வரிசையில் வேலை செய்யும் தோழியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். பிரிந்து கிடந்த இரண்டு ஓரத்தையும் சேர்த்துவைத்து, மேலிருந்து கீழ்வரை ஒரு தையல். அதன்மேல் இன்னொரு தையல். அடியில் முன்னும் பின்னுமாக மூன்று முறை ஓட்டிப் பூட்டினேன். பள்ளிக்கூடப் பையன்கள் மரம் ஏறினாலும் விடாது, அப்படித் தைக்கத்தான் எனக்குத் தெரியும். கோட்டின் கையில் கம்பெனி பெயர் போட்ட துணிச்சீட்டு ஒன்று நான்கு மூலையில் மட்டும் லேசாக நின்றது. அதையும் சுற்றித் தைத்தேன்.

அப்பாவும் மகளும் பக்கத்தில் ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"உங்களோட பலவீனம் என்ன?" என்று கேட்டாள் மகள், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

"உங்கம்மா."

"அப்பா! ஒழுங்கா சொல்லுங்க. வேலை போயிடும்."

"சரிங்க மேடம். வேலையை முடிக்காம வீட்டுக்குப் போக மனசு வராது. அதான் பலவீனம்."

"இது நல்லா இருக்கு. உங்களோட பலம்?"

"சரக்கு கைக்கு வந்தா, திருப்பிக் குடுக்கிற வரைக்கும் அது என் பொறுப்பு" என்றார். மகள் கண்ணாடியைக் கழற்றினாள். "இதையே சொல்லுங்கப்பா" என்றாள்.

கோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு அறைக்கும் நடந்து காட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தபோது மட்டும் முகத்தைச் சுளித்தார். "உக்காந்தா பிடிக்குதே."

"புதுத் துணி அப்படித்தான் இருக்கும். போட்டாத்தான் படியும்."

"சரிங்க செக்கிங் மேடம். நீங்க பாஸ் பண்ணா சரி." நான் தோளைத் தட்டி நேராக்கியபோது என் கையைப் பிடித்து அங்கேயே வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை நான் அரை நாள் விடுப்புப் போட்டேன். ஒரு மணிக்கு இவர் திரும்பி வந்தார். கோட்டை மடித்துக் கையில் போட்டிருந்தார். வெயிலுக்குக் கழற்றியிருப்பார் என்று நினைத்தேன்.

"எப்படிப் போச்சு?"

"நல்லாப் போச்சு. சொல்லி அனுப்பறாங்களாம்."

"கோட்டு?"

"கோட்டுக்கென்ன. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க."

அந்த வார்த்தையை நான் இரண்டு நாள் மனதுக்குள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். தோழியிடம்கூடச் சொன்னேன். சனிக்கிழமை மதியம் பதில் வந்தது. இரண்டே வரி. மகள் அதைச் சத்தமாகப் படிக்கவில்லை. கைபேசியை அவரிடம் நீட்டிவிட்டு, துணி எடுக்கப் போவதாகச் சொல்லி மாடிக்குப் போனாள். கொடியில் துணியே இல்லை.

திங்கட்கிழமை நான்தான் ஆரம்பித்தேன். "பில்லுல பத்து நாளைக்குள்ள திருப்பிக் குடுக்கலாம்னு போட்டிருக்கு. கோட்டைக் குடுத்துட்டா வண்டிக்கு ஆகும்."

"வேண்டாம். விடு."

"ஏன்? ஒரு நாள்தான் போட்டீங்க. ஒரு கறை இல்ல."

"போட்டதைப் போய் எப்படி..."

"நீங்க சும்மா நில்லுங்க. நான் பேசிக்கறேன்."

"கேளேன். வண்டிக்கு நான் எங்கயாவது புரட்டறேன். கோட்டு இருக்கட்டும்." அவர் இவ்வளவு கெஞ்சி நான் பார்த்ததில்லை. அந்தக் கோட்டின்மேல் ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆசைக்கெல்லாம் இப்போது இடமில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் அவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

திருப்பி வாங்கும் இடத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். கோட்டை மேசைமேல் விரித்தாள். கோட்டுக் கையில் இருந்த துணிச்சீட்டைப் பார்த்தாள். திருப்பினாள். பின்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தாள், நான் தடவும் அதே மாதிரி. அவளும் பல வருடம் இதே வேலை பார்த்தவளாக இருக்க வேண்டும்.

"இதை யாருங்க மூடினது?"

"எதை?"

"இந்த ஓப்பனை. இது திறந்துதான் இருக்கணும். உக்காரும்போது ரெண்டு பக்கமும் விலகி விழறதுக்கு. கடைக்கு வரும்போது கலையாம இருக்க வெள்ளை நூல்ல சும்மா பிடிச்சிருப்பாங்க. வாங்கினதும் அதை வெட்டிடணும். பையும் அப்படித்தான்." அவள் ஒரு சின்னக் கத்தரியால் பை ஓரத்து நூலை வெட்டினாள். உள்ளே அவள் கை முழுசாகப் போனது. "இந்தச் சீட்டையும் எடுத்துட்டுத்தான் போடணும். இதையும் சேர்த்துத் தைச்சிருக்கீங்க!"

பின்னால் நின்றிருந்த யாரோ சிரித்தார்கள். அன்றைக்கு எங்களுக்குக் கோட்டு எடுத்துக் காட்டிய பையன் எட்டிப் பார்த்தான். "அக்கா டைலர்னு சொன்னாங்களே" என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே குழம்பிப்போயிருந்தான்.

"நான்தான் தைச்சேன்" என்றார் என் கணவர்.

"நீங்களா சார்?"

"ஆமா. பிரிஞ்சிருக்கேன்னு நினைச்சு மிஷின்ல ஒரு ஓட்டு ஓட்டிட்டேன். எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு தையலைப் பார்த்தாள். "நல்ல தையல்" என்றாள் மெதுவாக. "பிரிச்சா துணியில ஓட்டை நிக்கும். இதை நாங்க திரும்ப எடுக்க முடியாதுங்க." எங்களுக்காக மடித்துக் கொடுத்தாள். பையையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

பேருந்து நிறுத்தத்துக்கு வந்தோம். அங்கே உட்காரும் பலகையில் இடம் இருந்தும் நின்றுகொண்டே கேட்டேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

அவர் தலையை ஆட்டினார்.

"எப்ப?"

"அங்க காத்துக்கிட்டிருந்தோம்ல, அப்ப. பக்கத்துல ஒரு பையன். அவனும் இண்டர்வியூக்கு வந்தவன்தான். நல்ல பையன். 'அண்ணே, பின்னாடி மூடியிருக்கு, வெட்டிக்கோங்க'ன்னு நகவெட்டி குடுத்தான். ரெண்டு பேரும் பாத்ரூமுக்குள்ள போய் முயற்சி பண்ணோம்." சிரிக்கப் பார்த்தார். "உன் தையல் அசையல. நகவெட்டிதான் வளைஞ்சது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உள்ள போனப்ப?"

"உக்காந்தேன். கோட்டு மேல ஏறிக் காதைத் தொட்டுச்சு. கேள்வி கேக்கறவங்கள்ல ஒருத்தர் சிரிப்பை அடக்கிக்கிட்டுப் பேப்பரைப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டாரு. அவ்வளவுதான்."

"அதனாலதான் போச்சு."

"ஏய், கோட்டுக்காக யாரும் வேலை குடுக்காம இருப்பாங்களா? கம்ப்யூட்டர்ல ஏதோ ஒரு சாஃப்ட்வேர் பேர் சொல்லித் தெரியுமான்னாங்க. தெரியாதுன்னேன். வயசைக் கேட்டாங்க. எழுந்திரிக்கச் சொல்லிட்டாங்க. அஞ்சு நிமிஷம்கூட இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவர் எனக்காகப் பொய் சொல்வார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் கடையில் கண்ணால் பார்த்தேன். அதனால் இது நிஜமா இல்லையா என்று எனக்கு இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணுவார். பதினோரு வருடமாக ஒரு பிசிறைக்கூட விடாத கண் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவள் நான். இந்தக் கையால்தானே பூட்டினேன், மூன்று முறை முன்னும் பின்னுமாக.

"உக்காந்தா பிடிக்குதுன்னு சொன்னீங்களே. நான்தான் கேக்கல."

"நானும்தான் கழட்டிப் பாக்கல. விடு."

அழுதேன். சாலை ஓரத்தில், யார் பார்த்தால் என்ன என்று அழுதேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒட்டி நின்று, தெருவுக்கு என் முகம் தெரியாதபடி தன் முதுகால் மறைத்துக்கொண்டார். ஒரு பேருந்து வந்து நின்று போனது. அது எங்களுடையதல்ல.

கொஞ்சம் தெளிந்ததும் கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தேன். தள்ளிப்போட இனி நாள் இல்லை. அண்ணன் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"அண்ணா... சனிக்கிழமை சாமான் ஏத்த ஒரு வண்டி அனுப்ப முடியுமா?" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணன் "சொல்லும்மா, சொல்லும்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் கணவர் கைபேசியை என் கையிலிருந்து வாங்கினார்.

பதினாறு வருடத்தில் என் அண்ணனிடம் அவர் எதையும் கேட்டதில்லை. என் பிறந்த வீட்டில் அவருக்கு வைராக்கியக்காரர் என்றே பெயர்.

"மச்சான், நான்தான். நல்லா இருக்கீங்களா? ஆமா, கிடைக்கல. பரவால்ல. இவளையும் பொண்ணையும் அங்க விடறேன்" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. கம்பெனியில் இருந்தபோது, ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் ஸ்டோரை ஒப்படைத்துவிட்டு வருவார். எது எங்கே இருக்கிறது, எதில் தண்ணீர் படக் கூடாது, எதை மேலே அடுக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லாமல் சாவியைத் தரமாட்டார். நான் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள் அதை நின்று பார்த்திருக்கிறேன். இப்போதும் அதே குரல்.

"பொண்ணு கணக்குல வீக்கு மச்சான். திட்டினா இன்னும் வராது. பக்கத்துல உக்காந்தாப் போதும், அவளே போட்டுருவா. காலையில எழுப்பும்போது லைட்டைப் போட்டு எழுப்பாதீங்க, அன்னிக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா. ஆமா. அப்புறம் உங்க தங்கச்சிக்குக் கண்ணு சரியில்ல. வேலை விட்டு வந்த பிறகு ஊசி எடுக்க விடாதீங்க. எடுப்பா. நீங்கதான் பிடுங்கி வைக்கணும். தலைவலின்னா சொல்ல மாட்டா, பேசறது குறையும், அதை வச்சுக் கண்டுபிடிச்சுக்கோங்க..."

எங்கள் பேருந்து வந்தது. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு டிரைவர் எங்களைப் பார்த்தார். நான் ஏறவில்லை. இவர் இன்னும் சொல்லி முடித்திருக்கவில்லை.